ஏற்றத்தில் மிஞ்சுகிற இழுவை: பைக் வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு



2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. 2025இல்தான் மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் இருந்த பைக்குகளே கைமாறிக் கைமாறி ஓடின. தொண்ணூறுகளில் செய்த ஜப்பான் வண்டிக்குக்கூட யாரும் எதிர்பாராத விலை வந்தது. இப்போது ஷோரூமில் புதியது நிற்கிறது, கராஜ் வாசலில் முப்பது வயதான பழையதும் விற்பனைக்கு நிற்கிறது. தூரப் பயணத்துக்கு எதை வாங்குவது, எதில் பிக்கப் கூட, எதில் வலு கூட என்று திகனயில் என்னைக் காணும் பிள்ளைகள் எல்லோரும் கேட்கிறார்கள். இங்கிருந்து மகியங்கனைக்கும் நுவரெலியாவுக்கும் பைக்கில் போய்வந்தே நரைத்தவன் என்பதால் கேட்கிறார்கள் போலும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்.

1. பூச்சியத்திலிருந்து நூறுக்கு எத்தனை செக்கன் என்று கேட்பதை முதலில் விடுங்கள். நம் நாட்டில் அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஊருக்குள் 50, ஊருக்கு வெளியே 70 என்பது சட்டம். நூறைத் தொடுவதற்கு உங்களுக்குப் பாதையே கிடையாது. கண்டியிலிருந்து தென்னக்கும்புர, குண்டசாலை, பல்லேகலை, திகன, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய வழியாக மகியங்கனைக்குப் போகும் ஏ26 வீதியில் உங்களுக்கு வேண்டியது வேறு. இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில், பின்னால் ஆளும் மூட்டையும் இருக்க, ஏற்றத்தில், முப்பதிலிருந்து அறுபதுக்கு வண்டி எப்படி ஏறுகிறது? இந்தக் கேள்விக்கு ஷோரூம் கடதாசியில் பதில் இருக்காது. கீழே நான் சொல்வது எல்லாம் அந்தப் பதிலைக் கண்டுபிடிக்கும் வழிதான்.

2. எச்பி என்பது இரண்டு எண்களைப் பெருக்கி வருவது. எஞ்சின் எவ்வளவு பலமாகத் திருகுகிறது என்பது ஒன்று, அதை நாம் டோர்க் என்கிறோம். நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பது மற்றது. திருகும் பலம் கூடாமலேயே எச்பி கூடலாம். பஜாஜ் டொமினார் 400ஐப் பாருங்கள். 2016இல் வந்தபோது 8,000 சுற்றில் 35 எச்பி. 2019இல் சிலிண்டர் தலையில் இரண்டு கேம் வைத்து 8,650 சுற்றில் 40 ஆக்கினார்கள். டோர்க் அப்போதும் 35 நியூட்டன் மீற்றர், இப்போதும் 35. அதன் உச்சம் மட்டும் 6,500 சுற்றிலிருந்து 7,000க்கு மேலே நகர்ந்தது. கூடிய 5 எச்பி மீட்டர் முள்ளின் மேல்பக்கத்தில் இருக்கிறது. முள்ளை அங்கே கொண்டுபோய் ஓடுபவருக்குத்தான் அது கிடைக்கும்.

கடதாசியில் சில இடத்தில் கிலோவாற் போட்டிருக்கும், 1.34ஆல் பெருக்கினால் எச்பி வரும். அந்த எண் எஞ்சினில் அளந்தது. பின் சக்கரத்துக்கு வந்து சேரும்போது பத்தில் ஒன்றுக்கு மேல் கியர்பெட்டியும் செயினும் தின்றுவிடும். பழையது, புதியது இரண்டுக்கும் இது பொது.

3. ஒரே எச்பி இரண்டு வண்டிகளில் ஒரே சவாரியைத் தராது. கண்டிப் பக்கத்துப் பிள்ளைகள் பெரிதும் ஆசைப்படும் ஹோண்டா ஜேட் 250, ஹோர்னெட் 250 இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜேட் 1991இல் வந்தது, ஹோர்னெட் 1996இல். 250 சிசிக்குள் நான்கு சிலிண்டர், 14,000 சுற்றில் 40 எச்பி. 2023இல் வந்த ரோயல் என்பீல்ட் ஹிமாலயன் 450க்கும் அதே 40 எச்பிதான், ஆனால் ஒற்றைச் சிலிண்டர், 8,000 சுற்றில். 

தனி ஆளாக, கியரைச் சரியாகப் பிடித்து, எஞ்சினை 11,000க்கு மேலேயே வைத்திருக்கத் தெரிந்தவர் ஓடினால் ஹோர்னெட் முந்திவிடும். 30 கிலோவாவது இலேசான வண்டி அது. அந்தச் சத்தத்தில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது, அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் உடுதும்பறை ஏற்றத்தில் வளைவுக்கு முன் வேகம் குறைந்து, எஞ்சின் 5,500 சுற்றில் நிற்கிறது என்று வையுங்கள். ஹிமாலயன் 450 அந்த இடத்தில்தான் தன் முழு டோர்க்கான 40 நியூட்டன் மீற்றரைத் தருகிறது, வலுவாகக் கணக்கிட்டால் 31 எச்பி. ஹோர்னெட்டின் உச்ச டோர்க்கே 24க்குள், அதுவும் 11,000 சுற்றில். அந்த உச்சத்தையே 5,500இல் தந்தாலும் 18 எச்பிக்கு மேல் வராது, உண்மையில் அதற்கும் கீழேதான் இருக்கும். அப்போது இரண்டு கியர் குறைக்க வேண்டும். அடுத்த வளைவில் மறுபடி குறைக்க வேண்டும். மகியங்கனை போய்த் திரும்பும்வரை இதைச் செய்து பார்த்தவருக்கு இடது கை சொல்லும். பின்னால் அம்மாவோ மனைவியோ இருந்தால் ஒவ்வொரு கியருக்கும் அவர்களுடைய ஹெல்மட் உங்கள் ஹெல்மட்டில் முட்டும்.

4. புதியது என்றால் வலு கூட என்று நம்பாதீர்கள். நம் வீதிகளில் எங்கும் நிற்கும் யமஹா எஃப்இசட் அதற்குச் சாட்சி. 2008இல் 153 சிசியில் 14 எச்பி. 2014இல் பெற்றோல் இன்ஜெக்ஷன் வைத்த இரண்டாம் பதிப்பு 149 சிசி, 13.1. இந்தியாவில் 2020இல் வந்த புகைச் சட்டத்துக்கு ஏற்ப மாற்றிய மூன்றாம் பதிப்பு 12.4. ஒவ்வொரு முறையும் புதியதாகியும் எண் இறங்கியது. புகையைச் சுத்தமாக்க வேண்டும், பெற்றோலை மிச்சப்படுத்த வேண்டும் என்பதற்காகக் கொடுத்த விலை அது. ஆனால் மூன்றாம் பதிப்பின் டோர்க் 5,500 சுற்றிலேயே உச்சத்துக்கு வந்துவிடுகிறது, முதல் பதிப்பில் அது 6,000. ஊருக்குள் ஓடும்போது குறைந்த எச்பி தெரிவதே இல்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கிளாசிக் 350இன் கதை இன்னும் தெளிவு. பழைய 346 சிசி எஞ்சின் 19.8 எச்பி, 28 நியூட்டன் மீற்றர். 2021இல் அதற்கு வைத்த, முழுதும் புதிதாகச் செய்த 349 சிசி எஞ்சின் 20.2 எச்பி, 27 நியூட்டன் மீற்றர். பிக்கப் பார்த்து வாங்கினால் இரண்டுக்கும் வித்தியாசம் தேட வேண்டும். புதியதில் அதிர்வைச் சமன் செய்யும் ஒரு தண்டு உள்ளே சுழல்கிறது. பழையதில் அறுபதைத் தாண்டினால் கைப்பிடியும் கால்மிதியும் நடுங்கும். நாள் முழுதும் ஓடி இறங்கும்போது விரல் மரத்துப்போகாமல் இருப்பதும் வலுவில் சேர்த்தி என்பது என் கருத்து. இருக்கிற வலுவை நீங்கள் பயன்படுத்தத் தயங்காமல் இருப்பீர்கள் அல்லவா?

5. புதியது உண்மையாகவே கூடியிருக்கும் இடமும் உண்டு. ஹீரோ ஹோண்டா கரிஸ்மா 2003இல் 223 சிசி, 17 எச்பி. அதே பெயரில் 2023இல் வந்தது 210 சிசி, 25.5 எச்பி. சிசி குறைந்து வலு பாதி மடங்கு கூடியது. நான்கு வால்வும், இரண்டு கேமும், தண்ணீரால் குளிர்விப்பதும் செய்த வேலை அது. 

ஹிமாலயனிலும் அப்படித்தான். 2016இல் வந்த 411 சிசி வண்டி காற்றால் குளிர்வது, ஐந்து கியர், 24.5 எச்பி. 450 தண்ணீரால் குளிர்வது, ஆறு கியர், 40 எச்பி, எடையும் 196 கிலோதான். 70 கிலோ ஆள் ஒருவர் பழையதில் தனியாக ஏறினால் ஒவ்வொரு நூறு கிலோவுக்கும் 9 எச்பி கிடைக்கும். புதியதில் இரண்டு பேரும் பயணப்பையுமாக 150 கிலோ ஏற்றினாலும் நூறு கிலோவுக்கு 11க்கு மேல் மிஞ்சும். இந்தக் கணக்கை எந்த வண்டிக்கும் போடலாம். வண்டியின் எடையோடு உங்கள் எடை, பின்னால் இருப்பவர் எடை, பெட்டி எல்லாவற்றையும் கூட்டி எச்பியை வகுத்துப் பாருங்கள். வண்டி எடையால் மட்டும் வகுக்கும் கணக்கு ஆளில்லாமல் ஓடும் பைக்குக்குத்தான் பொருந்தும்.

6. இதுதான் முக்கியமானது, இரண்டு முறை வாசியுங்கள். ஏ26இல் பஸ்ஸுக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். நூறு மீற்றருக்கு எட்டு மீற்றர் உயரும் சரிவு. நீங்கள் இரண்டு பேர், பைகளும் இருக்கின்றன.

வண்டியும் சுமையுமாக 350 கிலோ என்றால், 50 கிலோமீற்றர் வேகத்தில் அந்தச் சரிவில் ஏறுவதற்கே 5 எச்பி போய்விடும். காற்றுக்கும் டயர் உருளுவதற்கும் இன்னும் மூன்று அளவில். சும்மா பஸ்ஸோடு சேர்ந்து ஏறவே 8 எச்பி! மீதி இருப்பதுதான் முந்துவதற்கு. 12 எச்பி எஃப்இசட்டில் சுமை கொஞ்சம் குறைவு, 287 கிலோ என்று வைப்போம். சக்கரத்துக்கு வருவது 11க்குள், ஏறுவதற்கு 7 அளவில் போனால் மிச்சம் 4. அதை வைத்து நாற்பதிலிருந்து அறுபதுக்கு வர ஏழு செக்கனுக்கு மேல் எடுக்கும், அதற்குள் நூறு மீற்றர் ஓடியிருப்பீர்கள். ஹிமாலயன் 411, 4,000 சுற்றில் கியரைக் குறைக்காமல் திருகினால் நான்கரைச் செக்கன், அறுபது மீற்றருக்குச் சற்று மேல். 450, 5,500 சுற்றில் இரண்டு செக்கன், முப்பது மீற்றருக்குள். கடதாசிக் கணக்குத்தான், வீதியில் கொஞ்சம் கூடும். பஸ்ஸின் நீளத்தைக் கடப்பதும் இதற்கு மேலே. எதிரே வருகிறவரும் அதே வேகத்தில் வருகிறார் என்பதால் இந்தத் தூரங்களை இரட்டிப்பாக்குங்கள். ஹுன்னஸ்கிரியவுக்கு அப்பால் இரண்டு வளைவுக்கு நடுவே அவ்வளவு நேர் வீதி எங்கே இருக்கிறது என்று மனதில் தேடிப் பாருங்கள்.

அதனால் 150 சிசி வண்டியில் ஆளேற்றிப் போகும் பிள்ளைகளே, ஏற்றத்தில் பஸ்ஸை முந்தாதீர்கள். அது நிறுத்தி ஆள் ஏற்றும்போது போங்கள். வண்டியில் குறை எதுவும் இல்லை. அது செய்ய முடியாத வேலையை அதனிடம் கேட்கக்கூடாது, அவ்வளவுதான். பழைய 200 சிசி வைத்திருப்பவர்களுக்கும் இதே சொல்.

7. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றின் குளிர் அதில் கொஞ்சத்தை ஈடுசெய்யும், ஆனாலும் எஞ்சினுக்குள் போகும் காற்று ஆறில் ஒரு பங்காவது குறைந்துவிடும். வலுவும் அந்த அளவுக்கு இறங்கும். கார்பரேட்டர் வண்டிக்கு இன்னொரு கஷ்டம் சேரும். காற்றுக் குறைந்தாலும் ஜெட்டின் துளை அதேதான், பெற்றோல் அதிகமாகிக் கரும்புகை தள்ளும், பிளக் கறுக்கும். இன்ஜெக்ஷன் வண்டி அழுத்தத்தை அளந்து பெற்றோலைக் குறைத்துக்கொள்ளும். இல்லாத காற்றை அதனாலும் கொண்டுவர முடியாது. ஆகவே திகனயில் துள்ளிய பழைய வண்டி றம்பொடைக்கு மேலே சோர்ந்தால் பயப்பட வேண்டாம், ஜெட்டை மாற்றச் சொல்லி அங்கேயே ஒரு கராஜ் பாஸிடம் கொடுக்கவும் வேண்டாம். இறங்கியதும் சரியாகிவிடும்.

முழு வலுவையும் பிழிந்து பார்க்கும் ஆசை இருந்தால் அதற்கும் இடம் இருக்கிறது. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. வீதியை மூடி, அம்புலன்ஸை நிறுத்தி நடத்துகிறார்கள். போய்ப் பாருங்கள், பிறகு அதில் ஓடுவது பற்றி யோசியுங்கள்.

8. பழைய வண்டியின் எச்பி அது பிறந்த நாளின் எச்பி. ஹோண்டா சிடி 200 ரோட்மாஸ்டர் மேல் எனக்கு இருக்கும் பிரியம் ஊருக்கே தெரியும். இரட்டைச் சிலிண்டர், மெதுவான சத்தம், 16 எச்பி அளவு. ஆனால் நாற்பது வருடம் ஓடிய சிலிண்டரில் அந்தப் பதினாறு இருக்கும் என்று புத்தகத்தைக் காட்டி யாராவது விற்றால் சிரித்துக்கொண்டு எழுந்து வாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது, திரொட்டிலை முழுதும் திறந்து வைத்து கொம்பிரஷன் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு சிலிண்டருக்கும் அளவு கிட்டக்கிட்ட வர வேண்டும். ஜேட், ஹோர்னெட் என்றால் நாலும் பார்க்க வேண்டும், நான்கு கார்பரேட்டரும் ஒன்றாகத் திறக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஒன்று பிந்தினால் முக்கால் வண்டியைத்தான் வாங்குகிறீர்கள். வால்வு இடைவெளி, செயின், பிரேக் ஒட்டிக்கொண்டு சுழல்கிறதா என்பது, டயர் காற்று: இவற்றைச் சரிசெய்தபின் புதிதாகப் பிறந்தது போல ஓடிய பழைய வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

9. ஒப்பிட்டுப் பார்க்கும் முறை. இரண்டு வண்டிக்கும் ஒரே ஆள், ஒரே சுமை, ஒரே இடம். ஊருக்கு வெளியே, வீடும் பள்ளிக்கூடமும் இல்லாத, முன்னால் நன்றாகத் தெரியும் சிறு ஏற்றம் ஒன்றை விடியலில் தேர்ந்தெடுங்கள். எஞ்சின் சூடான பிறகு மூன்றாம் கியரில் 30இல் பிடித்து, ஒரு மரத்தடியில் திரொட்டிலைத் திறந்து, 60 வரை. பின்னால் இருப்பவர் செக்கன் எண்ணட்டும், நீங்கள் வீதியை மட்டும் பாருங்கள். மீட்டர்கள் கூட்டிக் காட்டும், பழைய கேபிள் மீட்டர் இன்னும் மோசம். போனில் ஜிபிஎஸ் வேகத்தைப் பதிய விடுங்கள். பிறகு இரண்டாம் கியரிலும் நான்காம் கியரிலும் செய்யுங்கள். மூன்று கியரிலும் நேரம் அதிகம் மாறாத வண்டிதான் தூரப் பயணத்துக்கு நல்லது. ஒரு கியரில் பறந்து மற்றதில் மூச்சுத் திணறும் வண்டியை ஓட அதற்கென்று பழகிய கை வேண்டும்.

10. சின்னச் செலவில் பிக்கப் கூட்ட வேண்டுமானால் முன் பல்சக்கரத்தில் ஒரு பல் குறைக்கலாம். 15 பல்லை 14 ஆக்கினால் சக்கரத்துக்கு இழுவை 7 வீதம் கூடும், அதே வேகத்துக்கு எஞ்சின் சுற்றும் 7 வீதம் கூடும். மலையில் மட்டும் ஓடுபவருக்குச் சரி. மகியங்கனையிலிருந்து மட்டக்களப்புக்கு நேர் வீதியில் போகிறவருக்கு எஞ்சின் வீணாக அலறும். சைலன்சரை வெட்டுவதால் ஒன்றும் கூடாது. சத்தம் கூடும், தாழ்ந்த சுற்றின் இழுவை பெரும்பாலும் குறையும், நோயாளி இருக்கும் வீட்டில் சாபம் கிடைக்கும்.

11. பெரிய வண்டிகளின் எண்களைக் கண்டு மனம் சோராதீர்கள். 1974இல் ஹோண்டா கோல்ட்விங் 999 சிசியில் 80 எச்பியோடு வந்தபோது உலகமே வியந்தது. 2018 கோல்ட்விங்குக்கு 1,833 சிசி, 125 எச்பி. அதன் எடையில் நம் வீட்டு முன் ஒழுங்கையில் அதைத் திருப்பவே இரண்டு பேர் வேண்டும். பிஎம்டபிள்யூவின் ஆர்80 ஜி/எஸ் 1980இல் 50 எச்பி. அதன் வழிவந்த ஆர்1300 ஜிஎஸ் 2023இல் 145 எச்பி. ஏறக்குறைய மூன்று மடங்கு. அவ்வளவு வலுவையும் சக்கரம் வழுக்காமல் தரைக்குக் கொண்டுபோக அதற்குள் ஒரு கணினி ஓயாமல் வேலை செய்கிறது. ஆனால் 1981இல் ஹுபேர் ஓரியோல் அந்த 50 எச்பி வகை வண்டியில்தான் பாரிஸ்-டக்கார் ஓட்டத்தை வென்றார், சகாரா வழியாக. மீமுரே கிராமத்துக்குப் போகும் உங்களுக்கு எத்தனை வேண்டும் என்பதை நீங்களே யோசியுங்கள். கோர்பெட்ஸ் கப் தாண்டி இறங்கும் அந்த வீதியில் இலேசான வண்டிக்குத்தான் என் வாக்கு.

12. கடைசியாக இறக்கம். உடுதும்பறை தாண்டி ஹசலக்கவுக்கு இறங்கும் பதினெட்டு வளைவு, வீதி திருத்திய பின் பதினேழு என்கிறார்கள், அங்கே எச்பி உதவாது. பழைய வண்டியையும் புதியதையும் ஒப்பிடும்போது இந்த இடத்தில் புதியதற்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடுவேன். டிஸ்க்கும் ஏபிஎஸ்ஸும் பிழைத்த உயிர்களின் கணக்கு. சிடி 200 போன்ற பின் ட்ரம் வண்டி, சுமையோடு தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடியை இழக்கும். இரண்டாம் கியரில் இறங்குங்கள், எஞ்சினே பிடித்துக்கொள்ளும். ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடி மிகக் குறைவு. 98 சிசியில் 11 எச்பி, நூறு கிலோ சொச்சம் எடை, ஊருக்குள் இன்றும் பல புதிய வண்டிகளை முந்தும், ஆனால் அந்த இறக்கத்தில் ஆளேற்றிப் போக நான் அதை எடுக்கமாட்டேன். பழைய வண்டிக்கு விலை பேசும்போது புதிய பிரேக் ஷூ, கேபிள், இரண்டு டயர், கொம்பிரஷன் குறைவாக இருந்தால் பிஸ்டன் ரிங், இவற்றின் செலவை ஒரு துண்டில் எழுதிக் கேட்ட விலையோடு கூட்டுங்கள். கூட்டிய தொகையைப் புதியதின் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு என்னைத் தேடி வாருங்கள்.